கைமாறி வரும் கிட்டார்

கண்ணு,

நீ எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போவதாக உன் அம்மா சொன்னாள். புதிதாக வாங்கக் கையில் இருக்கும் பணம் போதாது, பழையது பார்க்கலாமா என்று மாமாவிடம் கேட்கச் சொன்னாயாம். தாராளமாகப் பார். மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் வாசித்துப் பிழைத்தவன் நான். பிறகு மேடை போதும் என்று உட்கார்ந்து, மற்றவர்களுடைய கிட்டாரையும் ஆம்ப்பையும் பழுது பார்த்துப் பிழைத்தேன். சென்னையில் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் சாமான்கள் ஏராளமாக என் மேஜையில் ஏறி இறங்கியிருக்கின்றன. நல்ல விலைக்கு வாங்கியவர்களையும் பார்த்தேன், ஏமாந்து வந்தவர்களையும் பார்த்தேன். இரு சாராருக்கும் கிட்டாரைப் பற்றித் தெரிந்தது ஏறக்குறைய ஒரே அளவுதான். குணத்தில்தான் வித்தியாசம் இருந்தது. ஆகவே இதில் பாதி கிட்டாரைப் பற்றி இருக்கும், பாதி உன்னைப் பற்றி இருக்கும். பொறுமையாகப் படி.

1. எங்கே வாசிக்கப் போகிறாய் என்பதை முதலில் முடிவு செய். வீட்டிலா, தேவாலயத்திலா, கல்லூரி பேண்டிலா, கல்யாணக் கச்சேரியிலா? இதற்குப் பதில் இல்லாமல் சந்தைக்குப் போனால், விற்பவனிடம் என்ன இருக்கிறதோ அதுதான் உன் ஆசையாகிவிடும். ஃபெண்டர் 1954-ல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் போன்ற கிட்டாரில் சிங்கிள் காயில் பிக்கப் இருக்கும். மணி அடித்தாற்போலத் தெளிவான நாதம். ஆனால் நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் சீரியல் விளக்கும் டிம்மரும் ஜெனரேட்டரும் சூழ்ந்திருக்கும்போது, அதே பிக்கப் நீ வாசிக்காத நேரத்திலும் உறுமிக்கொண்டே இருக்கும். இந்த உறுமலை அடக்கத்தான் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் என்ற பொறியாளர் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சேர்த்து ஹம்பக்கர் செய்து, 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டும் வேண்டுமென்றால் யமஹா பசிஃபிகா 112 மாதிரியான ஒன்றைப் பார். பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் காயில். நம் ஊரில் பழையதாக நிறையக் கிடைப்பதும் இதுதான். பிடித்த பாடகனுக்குப் பின்னால் நிற்பவன் கழுத்தில் தொங்குவது உனக்கும் பொருந்தும் என்று நினைக்காதே. அவனுக்குப் பின்னால் ஒரு சவுண்ட் எஞ்சினியர் இருக்கிறான்.

2. அவசரப்படாதே. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. என் மேஜைக்கு வந்த வீண் செலவுகளில் பெரும்பாலானவை ‘அடுத்த சனிக்கிழமை புரோகிராம் இருக்கு’ என்ற வாக்கியத்தோடுதான் வந்தன. புரோகிராமுக்கு வேண்டுமானால் ஒருநாள் இரவல் வாங்கு. வாங்குவதை மட்டும் தள்ளிப் போடு. பழைய சாமான் சந்தைக்கும் பருவம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் பொறியியல் கல்லூரி முடித்து ஹாஸ்டலைக் காலி செய்பவர்கள் விற்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் மேல்படிப்புக்கு வெளிநாடு கிளம்புகிறவர்கள் விற்பார்கள். ஆம்ப்பை விமானத்தில் கொண்டுபோக முடியாதல்லவா. புத்தாண்டுத் தீர்மானத்தின் பேரில் ஜனவரியில் வாங்கப்பட்ட கிட்டார்கள் ஜூன் வாக்கில், விரல் படாமல், முதல் கம்பி மட்டும் அறுந்த நிலையில் வெளியே வரும். அவைதான் எனக்குப் பிடித்தவை. நல்ல நிலையில் உள்ள பழையதற்குப் புதியதன் இன்றைய விலையில் பாதிக்குச் சற்று மேலே கொடுக்கலாம் என்பது என் கணக்கு. முக்கால் பங்கு கேட்டால், இன்னும் இரண்டு மாதம் சேர்த்து வைத்துப் புதிதே வாங்கு. வாரன்டியாவது கிடைக்கும்.

3. படத்தைப் பார்த்து வாங்காதே. கையில் எடுத்துப் பார். கிட்டாரின் பளபளப்பு உடம்பில் இருக்கிறது, உயிர் கழுத்தில் இருக்கிறது. முதலில் கழுத்தைத்தான் பார்க்க வேண்டும். கிட்டாரைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, தலைப்பக்கத்திலிருந்து பிரிட்ஜ் வரை ஓரத்தோடு பார்வையை ஓட்டு. முன்னோக்கி மிக லேசான வளைவு இருப்பது நல்லதே. கம்பி அதிர இடம் வேண்டும். வளைவு கூடுதலாக இருந்தால் உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் கம்பியைத் திருகிச் சரி செய்யலாம். ஆனால் பிழிந்த ஈரத்துணி போல ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி முறுக்கிக்கொண்ட கழுத்தைத் திருகாணி சரி செய்யாது. அதைப் பார்த்தால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வா. ட்ரஸ் ராட் திருகாணியின் தலை மழுங்கியிருக்கிறதா என்றும் பார். ஏற்கெனவே யாரோ ஆத்திரத்தில் திருகியிருந்தால் அது தெரிந்துவிடும்.

அடுத்து ஃபிரெட். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் அழுத்தி வாசி. நேரமாகும், விற்பவர் பெருமூச்சு விடுவார், பரவாயில்லை. எங்கே நாதம் செத்துப் போகிறது, எங்கே கம்பி உலோகத்தில் பட்டு ‘ஸ்ஸ்’ என்கிறது என்று கவனி. முதல் மூன்று ஃபிரெட்களில் கம்பிக்கு அடியில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தால் ஃபிரெட் மாற்ற வேண்டிவரும். மலிவான கிட்டாருக்கு அந்தக் கூலியே அதன் விலையை எட்டிவிடும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஹார்மோனிக் எடுத்து, அதே இடத்தை அழுத்தியும் வாசித்து, டியூனரில் இரண்டும் ஒன்றுகிறதா பார். ஒன்றாவிட்டால் பதறாதே, பெரும்பாலும் பிரிட்ஜில் இருக்கும் சேடில்களை நகர்த்தினால் தீரும். ஆனால் அந்தச் சேடில்களின் குட்டித் திருகாணிகள் துருவேறி இறுகிக் கிடக்கின்றனவா என்று பார்த்துக்கொள். பெசன்ட் நகரிலும் ராயபுரத்திலும் தூத்துக்குடியிலும் கடற்காற்று செய்யும் வேலையை அமெரிக்காவில் கிட்டார் வடிவமைத்தவர்கள் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள்.

கிப்சன், எபிஃபோன் வகையாக இருந்தால் தலைக்கும் கழுத்துக்கும் நடுவில், பின்பக்கம், வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பார். கிப்சனில் தலை பெரும்பாலும் 17 பாகை பின்னால் சாய்ந்திருக்கும். ட்ரஸ் ராடுக்காக மரத்தைக் குடைந்ததும் அதே இடத்தில்தான். ஸ்டாண்டிலிருந்து ஒருமுறை மல்லாந்து விழுந்தால் அங்கேதான் உடையும். வண்ணத்துக்கு அடியில் மயிரிழை போல ஒரு கோடு ஓடினால் அது ஒட்டிய எலும்பு. நன்றாக ஒட்டியிருந்தால் ஆயுசுக்கும் உழைக்கும், ஆனால் விலை ஏறக்குறைய பாதியாக வேண்டும். ஃபெண்டர் வகையில் தலை நேராக இருப்பதால் இந்தத் தொல்லை அபூர்வம்.

4. தீரும் குறை எது, தீராத குறை எது என்று பிரிக்கப் பழகு. வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரவென்று சத்தம் வந்தால் அனேகம் பேர் கிட்டாரே போய்விட்டது என்று பயந்து விலகுவார்கள். கான்டாக்ட் கிளீனர் இரண்டு பீய்ச்சு பீய்ச்சினால் போய்விடும். போகாவிட்டால் ரிச்சி தெருவில் புதுக் குமிழ் வாங்கிப் போடலாம்; சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். ஜாக் ஆடுகிறது என்றால் நட்டை இறுக்க வேண்டும். ஒரு பிக்கப் பேசவில்லை என்றால் பாதி நேரம் ஈயம் விட்ட ஒயர்தான். கம்பி துருப்பிடித்திருப்பதெல்லாம் குறையே இல்லை. மற்றவர்கள் பயந்து ஒதுக்கும் இந்தச் சின்னக் குறைகளில்தான் உனக்கான விலை ஒளிந்திருக்கிறது.

இங்கே ஒரு தர்மசங்கடம் வரும். விற்பவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்திருக்கும்போது வாயைத் திறப்பதா, மூடிக்கொள்வதா? எனக்குப் பழுது பார்க்கச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரிடம் ஒருவர் தன் அப்பா வாசித்த கிட்டாரைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்து ஜப்பான் தயாரிப்பு, கழுத்து அம்பு மாதிரி நேர். ‘சத்தமே வரலை சார், எதையாவது கொடுத்துட்டு வச்சுக்குங்க’ என்றார். உள்ளே ஒரு ஒயர் விட்டிருந்தது, அவ்வளவுதான். வாத்தியார் அங்கேயே பற்றவைத்து, வாசித்துக் காட்டி, இன்ன விலை போகும், நான் அதைத் தருகிறேன் என்றார். வந்தவர் நன்றி சொல்லிக் கிட்டாரை எடுத்துக்கொண்டு போய் வேறு ஒருவருக்கு இன்னும் கூடுதலாக விற்றுவிட்டார். வாத்தியார் ரொம்ப நாள் புலம்பிக்கொண்டே இருந்தார். ஆனாலும் அடுத்த தடவையும் அப்படியேதான் செய்தார். சொல்ல வேண்டிய அளவு இதுதான் என்று நான் உனக்குக் கோடு கிழிக்க மாட்டேன். கடையில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறவனோடு பேசுவது வேறு, இறந்துபோன அப்பாவின் பொருளைக் கொண்டுவருகிறவரிடம் பேசுவது வேறு. அந்த வித்தியாசம் தெரிந்தால் போதும்.

5. தலையில் எழுதியிருக்கும் பெயருக்குப் பணம் கொடுக்காதே. எங்கள் காலத்தில் மெட்ராஸில் பலர் விரல் தேய்த்தது கல்கத்தாவில் செய்த கிவ்சன் கிட்டாரில்தான். அதைக் கேட்டு யாரும் எழுந்து போனதில்லை. இன்று கிப்சன் என்று சொல்லி விற்கப்படும் போலிகள் நிறைய. சீரியல் எண் சரியாக இருக்கிறதே என்று மயங்காதே, எண்ணையும் சேர்த்துத்தான் நகலெடுப்பார்கள். கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில் ட்ரஸ் ராடை மூடும் சின்னத் தகட்டைப் பார்: கிப்சனில் வழக்கமாக இரண்டு திருகாணி, போலிகள் பலவற்றில் மூன்று. ஸ்குயர் கிட்டாரின் தலையைச் சுரண்டிவிட்டு ஃபெண்டர் ஸ்டிக்கர் ஒட்டி விற்பவர்களும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், ஃபெண்டர் 1982-ல் மலிவு வரிசையாக ஜப்பானில் தொடங்கிய அந்த ஆரம்பகால ஸ்குயர்களை இன்று சேகரிப்பாளர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்குகிறார்கள். ஒட்டிய பெயரை விட ஒளித்த பெயர் உசத்தியாகிப் போன கதை. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தலையில் இருக்கும் எழுத்து தெரியாது. நீ சுதி விலகினால் தெரியும்.

6. ஆம்ப் வாங்கும்போது காதுக்கு முன்னால் ப்ளக்கைப் பார். அமெரிக்காவிலிருந்து வந்த ஆம்ப் 120 வோல்ட்டுக்குச் செய்தது, ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட்டுக்கு. நம் சுவரில் இருப்பது 230. ப்ளக்குக்கு ஒரு அடாப்டர் மாட்டிச் செருகிவிட்டால் ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம், டிரான்ஸ்ஃபார்மர் போனால் துரதிர்ஷ்டம். சித்தப்பா கொண்டுவந்த ஆம்ப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு செருகி, புகையோடு என்னிடம் தூக்கி வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் விலை பேசாதே. குறைந்த வோல்ட் ஆம்ப் என்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் அதைத் தூக்கும் உன் தோளையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

எர்த் பின்னை வெட்டிய ஆம்ப்பை இனாமாகக் கொடுத்தாலும் செருகாதே. உறுமல் நிற்கிறது என்று அந்த மூன்றாவது பின்னை வெட்டிவிடுகிற பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. விரல் கம்பியில் இருக்கும்போது உதடு மைக்கைத் தொட்டால் மின்சாரம் உன் வழியாகப் போகும். 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீயில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மேடையில் மைக்கைத் தொட்டு அங்கேயே இறந்துபோனார். வயதானவன் பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதே. இந்த ஒரு விஷயத்தில் நீ பயப்படத்தான் வேண்டும்.

வால்வு ஆம்ப்பின் மேல் உனக்கு ஆசை வரும், எல்லோருக்கும் வந்ததுதான். முதல் ஆம்ப்பாக வேண்டாம். வால்வு தேயும், மாற்று வால்வுக்கு ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், ஸ்பீக்கர் ஒயர் கழன்றிருக்கும்போது சத்தமாக வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும் என்பதால் நீயாகத் திறக்கவும் கூடாது. இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டில் நூறு வாட் எதற்கு? பாஸ் கட்டானா 50-ல் சக்தியை அரை வாட்டாகக் குறைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. பழையதாகக் கிடைத்தால் விடாதே. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் நல்லது. இதை வாங்கினாலும் அரைமணி நேரம் ஓடவிட்டுக் கேள். சூடான பிறகு வெளிவரும் குறைகள் சில உண்டு.

7. பெடல்கள் விஷயத்தில் உன் பையில் ஓட்டை விழும், அதைத் தடுக்க என்னால் முடியாது. கொஞ்சம் சின்ன ஓட்டையாக இருக்க வழி சொல்கிறேன். பழையதாக வாங்குவதில் ஆபத்து மிகக் குறைந்த சாமான் பெடல்தான். இரும்புப் பெட்டி, நாலு திருகாணி, ஒரு சுவிட்ச். பாஸ் கம்பெனியின் ஆரஞ்சு நிற டிஎஸ்-1, 1978-ல் வந்தது, இன்றும் செய்கிறார்கள். மிதித்து மிதித்துப் பெயின்ட் போன ஒன்றைத் தைரியமாக வாங்கலாம். பவர் மட்டும் கவனம்: பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், உள்ளே நெகடிவ், வெளியே பாசிடிவ். வீட்டில் கிடக்கும் செட்டாப் பாக்ஸ் அடாப்டர் பொருந்துகிறதே என்று செருகினால், பொருந்தியதோடு சரி. மல்டி எஃபெக்ட்ஸ் பிராசஸர் என்றால் எல்லா சுவிட்சையும் மிதி, காலால் அசைக்கும் எக்ஸ்பிரஷன் பெடலை முழுதாக மேலும் கீழும் ஓட்டு, திரையில் எழுத்து விட்டுவிட்டுத் தெரிகிறதா பார். மேடையில் முதலில் சாவது மிதிபடும் சுவிட்ச்தான்.

புகழுக்கு விலை கொடுப்பது பற்றி ஒரு கதை சொல்கிறேன். 1994-ல் அமெரிக்காவில் பில் ஃபின்னெகன் என்பவர் க்ளான் சென்டார் என்ற ஓவர்டிரைவ் பெடலை விற்கத் தொடங்கினார். நகலெடுக்காமல் இருக்க உள்ளே சர்க்யூட்டின் மேல் பிசின் ஊற்றி மூடினார். மூடினால் ஆசை கூடாதா? இன்று ஒரு அசல் பெடலுக்குப் பல லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். அதே மனிதர் பிறகு ஒரு எளிய வடிவத்தை விற்றபோது, இந்த மிதமிஞ்சிய பரபரப்புக்கு நான் காரணமில்லை என்ற பொருளில் பெடலின் மேலேயே அச்சடித்துவிட்டார். செய்தவருக்கே வெட்கமாகிப் போன விலையை நீ ஏன் கொடுக்க வேண்டும்? சர்க்யூட் தெரிந்த பிறகு எத்தனையோ பேர் அதே நாதத்தைச் சொற்ப விலைக்குத் தருகிறார்கள். ஒரு ஓவர்டிரைவ், ஒரு டிலே, ஒரு டியூனர். ஒரு வருஷம் இவற்றோடு இரு. அகல உழுவதை விட ஆழ உழு.

8. முகம் தெரியாதவனுக்கு முன்பணம் அனுப்பாதே. ராணுவத்தில் இருக்கிறேன், திடீரென்று மாற்றல், அதனால் பாதி விலைக்குத் தருகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய் என்பார்கள். யூபிஐ பின் போடுவது பணம் கொடுப்பதற்கு மட்டுமே. வாங்குவதற்கு யாரும் பின் போடுவதில்லை. பெட்டியும் பில்லும் இருக்கிறதா, யாரிடம் வாங்கினீர்கள் என்று கேள். பதில் தடுமாறினால் அது திருட்டுச் சாமானாக இருக்கலாம். எங்கேயோ ஒரு பிள்ளை அதைத் தேடி அழுதுகொண்டிருக்கும். மலிவு என்று அதைத் தொடாதே.

9. பேரம் பேசு, ஆனால் பொருளை இழிவாகப் பேசாதே. ‘இதெல்லாம் ஒரு கிட்டாரா’ என்று ஆரம்பிப்பவனுக்கு யாரும் மனதாரக் குறைத்துக் கொடுப்பதில்லை. குறையைக் காட்டு, அதைச் சரி செய்ய ஆகும் செலவைச் சொல், உன்னால் முடிந்த விலையை ஒரே தடவை சொல், பிறகு பேசாமல் இரு. முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு உன் எண்ணைக் கொடுத்துவிட்டு வா. பத்து நாள் கழித்து அழைப்பு வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். விலை முடிந்த பிறகு, பையையும் சேர்த்துக் கொடுங்கள், ஸ்ட்ராப்பையும் கொடுங்கள், இன்னொரு ஐந்நூறு குறையுங்கள் என்று இழுக்காதே. இங்கே கிட்டார் வாசிக்கிறவர்கள் உலகம் ரொம்பச் சின்னது. இன்று நீ கசக்கிப் பிழிந்து வாங்குகிறவருக்கு அடுத்த வருஷம் ஸ்டுடியோவில் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கும், அல்லது கச்சேரிக்கு ஆள் வேண்டுமென்று அவரிடமிருந்தே போன் வரும். முகத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூடிய விலைக்கு வாங்கு. எனக்குத் தெரிந்த நல்ல விலை அதுதான். மலிவு விலை என்பது அதற்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ இருக்கும்.

10. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவிடுவதாக இருந்தால் கிட்டாரை விடப் பெடல்களைச் சொல்லு. துணிகளுக்கு நடுவே பத்திரமாக வரும். கிட்டார் என்றால் விமானத்தில் கழுத்து உடையும் பயம், சுங்க வரி, விளக்கம் சொல்லும் தொல்லை. மரத்தைப் பற்றியும் ஒரு செய்தி. பல கிட்டார்களில் விரல் ஓடும் பலகை இந்திய ஈட்டி மரம், நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்வது. 2017 ஜனவரியில் உலக நாடுகள் அந்த மரப் பேரினம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தன. எல்லை தாண்டி விற்கும் கிட்டாருக்குக்கூட அனுமதிச் சீட்டு கேட்டார்கள். 2019 நவம்பரில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்த பிறகுதான் வியாபாரிகள் மூச்சு விட்டார்கள். நம் மலையில் வளர்ந்த மரம் கடல் தாண்டிப் போய்ப் பெயர் மாற்றிக்கொண்டு திரும்பி வரும்போது, நாமே வரி கட்டி உள்ளே அழைத்துக்கொள்கிறோம்.

11. துணைக்கு ஒருவரை அழைத்துப் போ. உன்னை விட நன்றாக வாசிப்பவரை விட, உன்னை விடக் குறைவாகப் பேசுபவர் நல்லது.

12. கடன் வாங்கி வாங்காதே. மாதத் தவணை கட்டிக்கொண்டு வாசிக்கிற கிட்டாரில் பயிற்சி ஏறாது, அலுப்புதான் ஏறும். கையில் இருப்பதிலும் முழுவதையும் கொடுத்துவிடாதே. பத்தில் ஒரு பங்கையாவது வாங்கிய பிறகு செய்ய வேண்டியதற்கு வைத்துக்கொள். புதுக் கம்பி, தெரிந்தவரிடம் ஒரு செட்டப், விட்டுவிட்டுப் பேசாத ஒரு நல்ல கேபிள், மழைக்குத் தாங்கும் பை. விரல் வலிக்கிறது, எனக்கு வராது என்று கிட்டாரை மூலையில் சாய்த்தவர்களில் எத்தனையோ பேருக்கு உண்மையில் தேவைப்பட்டது கம்பியின் உயரத்தைக் கொஞ்சம் இறக்குவது மட்டும்தான். ஆக்‌ஷன் என்பார்கள் அதை. செட்டப் செய்த பிறகு சுமாரான கிட்டாரும் கைக்கு இதமாகிவிடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியைத் துடை. நம் ஊர் வியர்வைக்கும் கடற்காற்றுக்கும் அது ஒன்றுதான் மருந்து.

13. விற்கும்போதும் இதேதான், கண்ணு. நீயும் ஒருநாள் விற்பாய். பிக்கப் ஒன்று விட்டுவிட்டுப் பேசினால் அதை முதலில் நீயே சொல். விற்றுவிட்டு வருத்தப்படுகிறவர்களும் உண்டு என்பதால், முதல் கிட்டாரை விற்று இரண்டாவதை வாங்க வேண்டிய நிலை வந்தால் ஒரு மாதம் அதைக் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, தேடுகிறாயா என்று பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கி விற்று, வாங்கி விற்று, சந்தையின் விலையெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தும், ஒரு பாட்டை முழுசாக வாசிக்கத் தெரியாத ஆட்களை எனக்குத் தெரியும். இனிமையான மனிதர்கள். அவர்கள் விற்பதை நீ வாங்கலாம், பெரும்பாலும் புதிது போலவே இருக்கும்.

14. ஞாயிற்றுக்கிழமை வேளச்சேரியில் ஒரு பசிஃபிகா பார்க்கப் போகிறாய் என்றாளே உன் அம்மா. காலையில் போ, சாயங்கால விளக்கில் விரிசல் தெரியாது. உன் கேபிள், ஒரு டியூனர், ஒரு பிளஸ் ஸ்க்ரூடிரைவர் எடுத்துக்கொள். ஆம்ப்பில் செருகி, சுவிட்சின் ஐந்து நிலையிலும் வைத்து, ஒவ்வொரு பிக்கப்பின் மேலும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் மெல்லத் தட்டு; ‘டொக்’ என்று கேட்டால் அது உயிரோடு இருக்கிறது. விற்பவரிடம் முதலில் அனுமதி கேட்டுவிட்டுத் தட்டு, இல்லாவிட்டால் பதறிவிடுவார். அவர் வீட்டில் ஆம்ப் இல்லை என்றால், ஒயரோடு போராடாமல் எனக்குப் போன் செய். சின்ன ஆம்ப் ஒன்று பேட்டரியில் ஓடுவது என்னிடம் சும்மா கிடக்கிறது. சனிக்கிழமையே வந்து எடுத்துக்கொண்டு போகலாம், பேட்டரியை மட்டும் நீ வாங்கிப் போட்டுக்கொள்.